மண் முந்திக்கொண்டது: செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனையை முன்வைத்து

நம்மில் பலருக்கு இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும். பட்டாணி அளவில், லேசாகக் குழிந்து, சுருக்கம் விழுந்தது. எதற்கு இது என்று வீட்டில் கேட்டால் ‘டி.பி. வராம இருக்க ஊசி போட்டது’ என்பார்கள். வராமல் இருந்ததா என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் நீளும். அந்த நீண்ட பதிலின் முக்கியமான ஒரு பகுதி நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுதப்பட்டது. தடுப்பூசி பற்றிய உலகளாவிய மருத்துவ இலக்கியத்தில் ‘சிங்கிள்புட்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் ‘தோல்வி’ என்ற சொல்லோடு சேர்ந்தே. எது தோற்றது, யார் கணக்கில் தோற்றது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பிரதிகளை வாசிப்பது என் வேலை. மருத்துவச் சோதனை அறிக்கையும் ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, மௌனங்கள் உண்டு, எதை உடல் என்று எண்ணுகிறது என்பது பற்றிய ஒரு முன்முடிவும் உண்டு.

1

பி.சி.ஜி. பிறந்த இடம் பிரான்ஸின் லில் நகரம். ஆல்பெர் கால்மெத், கமில் கெரான் என்ற இரண்டு பேர் மாட்டுக்குக் காசநோய் உண்டாக்கும் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் வளர்த்தார்கள். 1908இல் ஆரம்பித்து 13 ஆண்டுகளில் 230 முறை இடம் மாற்றி வளர்த்ததில் கிருமி உயிரோடு இருந்தது, ஆனால் நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்துவிட்டது. 1921இல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தில் கலந்துபோய் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. குற்றம் பி.சி.ஜி.யுடையது இல்லை, ஆய்வுக்கூடத்துடையது என்று நிரூபணமானாலும் அந்தப் பயம் நெடுநாள் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் 1950இல் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்த ஏறத்தாழ 54,000 பேர் அதில் பங்கேற்றார்கள். ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு கிடைப்பதாக முடிவு வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையில் பாதுகாப்பு 20 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் 30ஐ ஒட்டி நின்றது. ஒரே பெயருடைய மருந்து, ஒரே நோய், மூன்று விடைகள். இருந்தும் பிரிட்டன் எண்ணை விதியாகவும் மற்ற எண்களை விதிவிலக்காகவும் கொள்ளும் பழக்கம் வலுவாக இருந்தது. ஐரோப்பிய உடலைப் பொது உடலாகவும் மற்ற உடல்களைப் ‘பிரத்தியேகமான’ உடல்களாகவும் எண்ணுகிற வழக்கமான சொல்லாடல் இங்கும் வேலை செய்வதைப் பார்க்கிறோம்.

இந்தியாவுக்குள் பி.சி.ஜி. நுழைந்தது சென்னை மாகாணத்தின் வழியாக. 1948இல் கிண்டியில் தயாரிப்பு நிலையம் வந்தது. அதே ஆண்டு மதனப்பள்ளியில் ஊசி போடத் தொடங்கினார்கள். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. எதிர்ப்பும் சென்னையிலிருந்தே கிளம்பியது. சுகாதாரப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஏ.வி. ராமன் தாம் நடத்திய ‘பீப்பிள்ஸ் ஹெல்த்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையில் பிரச்சாரமே நடத்தினார். வீடும் சோறும் சாக்கடையும்தான் காசநோய்ப் பிரச்சினை, ஊசி இல்லை என்பது அவர் கட்சி. குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே 1954இல் முதல்வர் பதவியை விட்ட ராஜாஜி, அடுத்த ஆண்டே பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் சிறுநூல் ஒன்று போட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான பேர் உடம்பில் செலுத்துவதற்குப் போதிய நிரூபணம் இல்லை என்றார்.

நிரூபணம் இல்லையா, அப்ப நிரூபித்துக் காட்டலாம் என்ற இடத்துக்கு விவாதம் நகர்ந்தது. செங்கல்பட்டு வந்தது இந்தப் பாதையில்தான்.

2

1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து சென்னைக்கு மேற்கே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தன. மக்கள்தொகை ஏறத்தாழ 3,60,000. உலகத்திலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை அது. 1971க்குள் ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போட்டாயிற்று. சிலருக்கு டென்மார்க் வகை பி.சி.ஜி., சிலருக்குப் பிரெஞ்சு வகை, சிலருக்கு அதிக அளவு, சிலருக்குக் குறைந்த அளவு, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பதை ஊசி போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார். பிறகு ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, வீடு வீடாகக் கணக்கெடுப்பு. முறையியல் என்ற வகையில் குறை சொல்லுவது கஷ்டம்.

ஏழரை ஆண்டு கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியானது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நுரையீரல் காசநோய் வந்ததில் என்ன வித்தியாசம்? ஒண்ணுமில்லை. பூஜ்யம். 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வந்தபோதும் பெரியவர்களிடம் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளிடம் மிகக் குறைந்த அளவே என்றுதான் சொன்னது.

உலகமே அதிர்ந்தது. 1980இல் நிபுணர் குழுக்கள் கூடின. மருந்து சரியில்லையா, தென்னிந்தியக் காசநோய்க் கிருமியே வேறு மாதிரியா, உடம்புக்குள் பழைய கிருமி விழிப்பதை விட வெளியிலிருந்து புதுக் கிருமி திரும்பத் திரும்ப வருவதுதான் இங்கே நோய்க்குக் காரணமா என்று பல விளக்கங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று நம்மை மண்ணுக்குக் கூட்டிப்போகிறது.

3

காசநோய்க் கிருமிக்கு மைகோபாக்டீரியா என்ற பெரிய குடும்பம் உண்டு. காசநோய், தொழுநோய்க் கிருமிகள் இரண்டும் அந்தக் குடும்பத்தின் பேர்கெட்ட பிள்ளைகள். மற்ற உறவினர்கள் மண்ணிலும் ஏரித் தண்ணீரிலும் வீட்டுத் தூசியிலும் சும்மா வாழ்கிறவர்கள். ஆரோக்கியமான ஆளை அவர்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நம் உடம்பு அவர்களைப் பார்க்கிறது, அடையாளம் வைத்துக்கொள்கிறது. டி அணுக்கள் என்று சொல்லப்படும் ரத்த வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, ஒருமுறை சந்தித்த புரதத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். குடும்பச் சாயல் ஒன்றாக இருப்பதால் ஏரித் தண்ணீர்க் கிருமியைக் கண்ட அணு, பி.சி.ஜி.யையும் ‘இவன் நமக்குத் தெரிஞ்ச ஆள்’ என்று எடுத்துக்கொள்ளும்.

செங்கல்பட்டில் ஊசி போடும்போதே முன்கையில் சோதனை மருந்து செலுத்தி வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்தார்கள். ஒரு சோதனை காசநோய்க் கிருமிப் புரதத்துக்கு, இன்னொன்று சுற்றுச்சூழலில் வாழும் ஓர் உறவினக் கிருமியின் புரதத்துக்கு. ஆக, ஆய்வாளர்கள் மண்ணைப் பற்றி அறியாதவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க ஆய்வாளர் கரோல் பாமர் 1966இலேயே கினிப் பன்றிகளை வைத்து, சுற்றுச்சூழல் கிருமி முன்கூட்டித் தொற்றிய விலங்குக்கு அதுவே ஓரளவு பாதுகாப்புத் தருகிறது, அதன்மேல் பி.சி.ஜி. சேர்க்கும் பங்கு குறைவு என்று காட்டியிருந்தார். செங்கல்பட்டில் வளரிளம் பருவத்துக்குள்ளேயே பெரும்பாலோரின் கை இந்த இரண்டாவது சோதனைக்கு வீங்கியது. 1994இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அதே பகுதியின் மண், தண்ணீர், வீட்டுத் தூசி, மனிதர்களின் சளி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இந்தக் கிருமிகள் இருந்தன.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரியில் குளித்து, வண்டலை வயலில் கொட்டி, சேற்றில் இறங்கி நாற்று நட்டு, புழுதியில் விளையாடி வளர்ந்த உடம்பு அது. 1968இல் ஊசியோடு வந்தவர்களுக்கு முன்னாலேயே மண் வந்துவிட்டிருந்தது. வெற்றுத்தாளில் எழுத வந்தவர்களுக்கு ஏற்கெனவே எழுதிய ஏடு கிடைத்தது.

முந்திக்கொண்ட மண் என்ன செய்தது என்பதில் இரண்டு கட்சி. மறைத்தல் என்பது ஒன்று: பி.சி.ஜி. கொடுக்கக்கூடிய பாதுகாப்பை மண் ஏற்கெனவே கொடுத்துவிட்டது, அதனால் ஊசியின் பங்கு கணக்கில் தெரியவில்லை. தடுத்தல் என்பது இன்னொன்று: பி.சி.ஜி. உயிருள்ள மருந்து, உடம்புக்குள் கொஞ்சமாவது பெருகினால்தான் பாடம் நடத்த முடியும். மண்ணால் பழக்கப்பட்ட உடம்பு அதைப் பெருக விடாமல் உடனே விரட்டிவிடுகிறது. 2002இல் இரண்டு பக்கத்துக்கும் சான்று கிடைத்தது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கரோங்கா வட்டாரத்திலிருந்து பிரித்தெடுத்த சில கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பி.சி.ஜி. போட்டபோது அது பெருகவில்லை. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு மலாவி இளைஞர்களையும் பிரிட்டன் இளைஞர்களையும் ஒப்பிட்டது. மலாவிக்காரர்களில் கணிசமானோரின் ரத்தம் ஊசிக்கு முன்பே காசநோய்ப் புரதத்தை அடையாளம் கண்டது. ஊசியினால் வந்த ஏற்றம் பிரிட்டன்காரர்களிடம்தான் பெரிதாக இருந்தது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் போகப் போக பி.சி.ஜி.யின் பயன் குறைகிறது என்பதையும் 1990களில் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் இதோடு கதை முடிஞ்சுது என்று எழுந்துவிட முடியாது. கரோங்காவில் காசநோயைத் தடுக்காத அதே பி.சி.ஜி. தொழுநோயைப் பாதியளவு தடுத்தது. அதே மண், அதே ஊசி, அதே ஆட்கள். ‘மண் தடுத்துவிட்டது’ என்ற ஒற்றை விளக்கம் இந்த இடத்தில் திணறுகிறது. மண் ஒரு காரணம், வலுவான காரணம். ஒரே காரணம் என்று சொல்லுகிறவர்கள் இன்னொரு பெருங்கதையாடலைக் கட்டுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

4

இந்த இடத்தில் சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் ‘இம்யூனிட்டி’ என்ற சொல் ரோமானியச் சட்டத்திலிருந்து வந்தது. வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்ற நிலைக்கு அங்கே அந்தப் பெயர். நம் கல்வெட்டு மொழியில் இறையிலி. பிரமதேயமும் தேவதானமும் இறையிலி நிலங்கள் என்று படித்திருக்கிறோமே, அந்த இறையிலி. ஊருக்குள் இருந்துகொண்டே ஊர்ச் சுமையிலிருந்து விலகி நிற்கிற சலுகை. மருத்துவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைத் தனக்கான கலைச்சொல்லாக்கி, கூடவே படையெடுப்பு, தற்காப்பு என்று போர்ச் சொற்களையும் சேர்த்துக்கொண்டது. தமிழில் நாம் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று மொழிபெயர்த்தபோது சலுகை போய்விட்டது, போர் மட்டும் தங்கிவிட்டது.

இரண்டு சொல்லிலும் செங்கல்பட்டுக்கு இடமில்லை. அங்கே உடம்பு மண்ணிலிருந்து விலக்குப் பெறவும் இல்லை, மண்ணோடு யுத்தம் நடத்தவும் இல்லை. அது பழகிற்று. யாரிடம் சண்டை போட வேண்டும், யாரைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று தினசரிப் பழக்கத்தில் கற்றுக்கொண்டது. நோய்த்தடுப்பு என்பதில் பாதி சகிப்புதான் என்று இன்றைய உயிரியலே சொல்கிறது. பழகாத உடம்பு மகரந்தத்தையும் வேர்க்கடலையையும்கூடப் பகையாக எண்ணிச் சண்டைக்குப் போகிறது, அதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர். அப்படியானால் உடலின் வரலாறு அதன் தோலோடு முடிவதில்லை. அது தொட்ட ஏரியின் வரலாறும் சேர்ந்ததுதான் அது.

பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடல் முழுதும் பரவும் வகையையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று இந்தக் கட்டுரையைக் காட்டி யாராவது சொன்னால் அது என் கருத்தில்லை. தொட்டிலில் கிடக்கிற குழந்தை இன்னும் மண்ணைத் தொடவில்லை. ஊசி மண்ணை முந்துகிறது. மருத்துவம் வாயால் சொல்லாவிட்டாலும் தன் கால அட்டவணையில் இதைக் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டிருக்கிறது.

5

சரி, அப்ப ராஜாஜி ஜெயித்தாரா? நம் மண் நம்மைக் காக்கும் என்று பேசுகிறவர்கள் ஜெயித்தார்களா? இரண்டுக்கும் இல்லை என்றே பதில். ஓரிடத்தில் நிரூபணமானது இன்னோரிடத்திலும் நிரூபணமானதாகாது என்ற அளவில் 1955இன் சந்தேகம் நியாயமானது. ஆனால் தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் அன்றைய எதிர்ப்பாளர்கள் கையில் இல்லை. தற்செயலாகச் சரியாக இருப்பதை முன்னறிவு என்று கொண்டாட முடியாது.

மண் வாதம் இன்னும் ஆபத்தானது. ‘நம்ம ஊரு உடம்புய்யா, புழுதியில வளந்தது, ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சை 2020இல் கொரோனாவின்போது எல்லாரும் கேட்டோம். பி.சி.ஜி. போட்ட நாடுகளில் கொரோனா குறைவு என்று வரைபடங்கள்கூட வந்தன. 2021இன் இரண்டாம் அலையில் அந்தப் பேச்சு என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளர்களிடம் பல நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வந்தபோது, பி.சி.ஜி. கொரோனாவைத் தடுத்ததாகத் தெரியவில்லை. செங்கல்பட்டு மண்ணின் மகிமை பேசுகிறவர்கள் அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். அங்கே ஊசி போட்டுக்கொண்டவர், போடாதவர் இரண்டு பக்கமும் காசநோய் மிக அதிகம். மண் சொல்லிக்கொடுத்தது, ஆனால் காப்பாற்றவில்லை.

மேலும், ‘சுற்றுச்சூழல்’ என்று பொதுவில் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு மௌனம் இருக்கிறது. ஊரும் சேரியும் ஒரே குளத்தில் தண்ணீர் எடுத்ததில்லை. சேற்றில் இறங்கியவர்களும் வரப்பில் நின்றவர்களும் ஒரே மண்ணைத் தொட்டதில்லை. யாருடைய கால் எந்த மண்ணில் படவேண்டும், யாருடைய குடம் எந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நிலப்பரப்பில், உடம்பின் நினைவையும் சாதி கொஞ்சமாவது தீர்மானித்திருக்கும் இல்லையா? வயது, பால், மில்லிமீட்டர் என்ற அச்சுகளில் ஓடுகிற அட்டவணைகள் எழுப்பாத கேள்வி இது. நம் தோழர்களாவது எழுப்ப வேண்டும்.

6

சோற்றுக்கு வருவோம். செங்கல்பட்டுக்கு முன்பே, 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கியது. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும், சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் அதே மருந்து சாப்பிட்டவர்களையும் அங்கே ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதாக 1959இல் அறிக்கை வந்தது. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. இதை மறுக்க முடியாது. ஆனால் அதன் நிழலில் இன்னொன்றும் நடந்தது. மருந்து இருந்தால் குணமாவதற்குச் சோறு முக்கியமில்லை என்பது, நோய் வராமலிருக்கவும் சோறு முக்கியமில்லை என்பது போல மெல்ல நழுவிற்று. ஏ.வி. ராமன் கேட்ட வீடும் சோறும் கொள்கை ஆவணங்களின் ஓரத்துக்குப் போயின. ஊசியும் மாத்திரையும் மையத்துக்கு வந்தன.

மையம் திரும்பக் கொஞ்சம் நகர்ந்தது 2023இல்தான். ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில், காசநோயாளி இருக்கும் வீடுகளைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு தரப்பு வீடுகளில் எல்லாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை. இன்னொரு தரப்பில் நோயாளிக்கு மட்டும். முழுக் குடும்பத்துக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றைப் பரப்பும் நுரையீரல் வகை 48 விழுக்காடு குறைந்தது. செங்கல்பட்டில் பெரியவர்களிடம் பூஜ்யமாக நின்ற பாதுகாப்புக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள். பசித்த உடம்பில் டி அணுக்களின் எண்ணிக்கையும் குறைகிறது, வேலைத்திறனும் குறைகிறது. மண் கொடுத்த நினைவோ ஊசி கொடுத்த நினைவோ, வேலை செய்ய அணுவுக்கும் சாப்பாடு வேண்டும்.

செங்கல்பட்டில் தோற்றது பி.சி.ஜி. மட்டுமில்லை. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பொது உடல் இருக்கிறது என்ற நம்பிக்கையும் தோற்றது. அந்தத் தோல்வியைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அறிவியல்தான், 2,80,000 பேரின் கையை அளந்துதான் சொன்னது. ஆகவே அறிவியலைத் தூக்கி எறிவதற்கு இங்கே காரணம் எதுவும் இல்லை. அதனிடம் சரியான கேள்விகளைக் கேட்க வைப்பதற்கு நிறையக் காரணம் இருக்கிறது.

அந்த ஏரி மாவட்டத்தின் பல பகுதிகளில் இப்போது தொழிற்பேட்டைகளும் மனைப் பிரிவுகளும். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் போகிறவர்களுக்கு வயல் எது, வளாகம் எது என்று தெரியும். ஏரியைத் தொடாமல், அதே சமயம் சத்தான சோறும் கிடைக்காமல், தகரக் கூரை அறையில் பத்துப் பேராகத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களின் உடம்பு என்ன கற்றுக்கொண்டிருக்கிறது? 1968இல் அளந்த கைகளின் பேரப்பிள்ளைகளும், வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். புதிய காசநோய்த் தடுப்பூசிகள் சோதனையில் இருக்கும் இந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்த உடம்பு எந்தத் தண்ணீரைக் குடித்தது, எத்தனை வேளை சாப்பிட்டது என்று கேட்காமல் போடுகிற எந்த ஊசியும் செங்கல்பட்டுக்கே திரும்பி வரும்.